எலி தின்னாத விளக்கு

கொஞ்சம் முழங்கையை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. தப்பாக நினைக்காதீர்கள். பையை மேலே வைத்துவிட்டீர்களா, நல்லது. இது காகிதம். ஒரு நகம் பட்டால் போதும், போய்விடும்.

கூடை இல்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் இல்லை. உருண்டையாக இருக்கிறதே, நட்சத்திரத்துக்கு மூக்கு வேண்டாமா? சாத்தூரில் ஏறியதிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. கண்டக்டர் ஒருத்தர் போதும். "உள்ள என்னம்மா இருக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு இடம்? அப்ப லக்கேஜ் போட்டுர வேண்டியதுதான்" என்றார். இது என்ன நியாயமோ. மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, நீங்கள் ஏறிய திருச்சி வரைக்கும் நிறைமாதக்காரி மாதிரி உட்கார்ந்து வந்தேன். மகள் பிரசவத்துக்குப் போவதாகச் சொன்னீர்களே, உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள்.

விளக்கு அக்கா. சினிமா எடுக்கும்போது வைக்கிற விளக்கு. வெறும் பல்பு வெளிச்சம் முகத்தில் விழுந்தால் மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு நிழல் விழும். கதாநாயகிக்கு மீசை இருந்தால் யார் பார்ப்பார்கள்? அதே பல்பைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தில் உருண்டை கட்டிவிட்டால் வெளிச்சம் பரவி மெத்தென்று விழும். காலையில் வாசல் பக்கம் உட்கார்ந்து பூக் கட்டுகிறவர்கள் முகம் இருக்குமே, அந்த மாதிரி. கடையில் விற்பது மடங்கும். இது மடங்காது. நானே கட்டியது. கம்பி வளையம், காகிதம், பசை, அவ்வளவுதான்.

என் பெயர் மாரித்தாய். ஒளிப்பதிவாளர். சொல்லிக்கொள்ளலாம் இல்லையா? ஒரு குறும்படத்தில் பெயர் வந்திருக்கிறது, அதனால் சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால், அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று ஒரு தடவை உள்ளுக்குள் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன். அத்வைத் மாதிரி ஆட்களுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது.

அத்வைத் யாரா? அதைத்தானே சொல்ல வருகிறேன்.

மதுரையில் சினிமாப் படிப்பில் நானும் அவனும் ஒரே வகுப்பு. அவன் அப்பா சென்னையில் பல் டாக்டர். அதனால்தானோ என்னவோ, பிள்ளை வாயை மூடவே மாட்டான். முதல் நாள் பெயரைக் கேட்டான். மாரித்தாய் என்றேன். "ஓ, மேரி" என்றான். அன்றைக்கு மேரியானவள், படிப்பு முடிகிற வரைக்கும் மேரிதான். ஞாயிற்றுக்கிழமை ஏன் சர்ச்சுக்குப் போகவில்லை என்று ஹாஸ்டல் வார்டன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வருஷம் நாங்கள் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். அத்வைத் இயக்குநர். யாரும் ஆக்கவில்லை, அவனாகவே ஆகிவிட்டான். கதை என்ன தெரியுமா? ஓர் அறை. ஒரு பெண். புருஷன் வருவான் என்று காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. முடிந்தது. என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? அவ்வளவுதான் கதை. இதைச் சொல்வதற்கு அவனுக்கு ஒரு மத்தியானம் முழுக்க வேண்டியிருந்தது. நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விளக்கு வாடகைக்கு எடுப்பதற்குப் பதிலாக அவன் ட்ரோனை வாடகைக்கு எடுத்து வந்தான். ட்ரோன் அக்கா, கல்யாண வீட்டில் தலைக்கு மேலே கொய்யென்று சுற்றுமே, அது. ஓர் அறைக்குள் நடக்கிற கதைக்கு ட்ரோன்! எங்கே பறக்கவிடுவான், ஃபேனுக்குக் கீழேயா? மொட்டை மாடியில் ஒரு காக்காயைத் துரத்தியதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் காக்காயும் படத்தில் இல்லை.

அதற்கப்புறம்தான் விளக்கு ஞாபகம் வந்தது. என்னிடம் வந்தான். "மேரி, நீ சிவகாசிப் பக்கம்தானே? பேப்பர்லாம் உங்க ஊர்க்காரங்க ரத்தத்துலயே இருக்கும். ஒரு பேப்பர் லைட் பண்ணிடேன். நீயே கேமராவும் பண்ணு."

என் ரத்தத்தில் காகிதம் ஓடுகிறதாம். அவன் ரத்தத்தில் பற்பசை ஓடுகிறது என்று நான் சொன்னேனா?

ஆனால் கேமரா என்றானே. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வகுப்பில் ஒரு பெண் கையில் கேமரா கொடுத்தது அதுதான் முதல் தடவை. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. செய்ய முடியாது. நான் ஒன்றைக் கோணலாகச் செய்தால் அதைக் கோணல் என்று சொல்ல மாட்டார்கள், "இதுகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்பார்கள். அவன் கோணலாகச் செய்தால் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள். அதை அப்புறம் சொல்கிறேன், மறந்தால் ஞாபகப்படுத்துங்கள்.

லீவில் ஊருக்குப் போய் விளக்கைக் கட்டினேன். எங்கள் அம்மா வீட்டில் காகிதக் குழாய் சுற்றுகிறவள். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற குழாய். வெறும் குழாய்தான், மருந்தெல்லாம் வேறு இடத்தில். நான் கம்பியை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒத்தைத் தாளு நிக்காது தாயி. ரெட்டைத் தாளாப் போடு. ஓரத்துல மட்டும் தடவாத, முழுசாப் பூசி ஒட்டு, அப்பத்தான் விறைப்பா நிக்கும்" என்றாள். சரி என்றேன். பசையையும் அவளே காய்ச்சினாள். நான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பசையில் என்ன பார்க்க இருக்கிறது? பிறந்ததிலிருந்து பார்க்கிற பசை.

காய்ந்ததும் பால் மாதிரி இருந்தது. பகலில் பார்த்ததால் பால். அதை மதுரைக்குக் கொண்டுபோய், அத்வைத்தின் மாமா வீட்டில் காலியாகக் கிடந்த அறையில் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் ஜன்னல், இன்னொரு பக்கம் என் விளக்கு. லேகா ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு, நடந்து வந்து விளக்குக்குக் கீழே உட்கார வேண்டும். லேகாதான் அந்தக் காத்திருக்கிற பெண். ஜன்னல் கிட்டே நின்றாள், நன்றாக இருந்தாள். நடந்து வந்தாள். உட்கார்ந்தாள்.

பச்சை அக்கா.

முகம் பச்சை. ஒரேயடியாக இலைப் பச்சை இல்லை. கன்னத்துக்கு உள்ளிருந்து ஏறி வருகிற மாதிரி, ஒரு மாதிரி நோய்ப் பச்சை. வெறும் கண்ணுக்கு லேசாகத்தான் தெரிந்தது. கேமரா கூட்டிக் காட்டிவிட்டது. லேகா ஓடி வந்து கேமராவில் பார்த்தாள். "ஐயோ, எனக்கு என்னடி காமாலையா?" என்றாள். அத்வைத் தலையில் கையை வைத்துக்கொண்டான். "மேரி! அவ புருஷனுக்காகக் காத்திருக்கணும். அழுகிப்போகக் கூடாது!" எல்லாரும் சிரித்தார்கள். ட்ரோன்காரன்கூடச் சிரித்தான். அவன் எதற்கு அங்கே இருந்தான் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கேமராவில் நிறத்தைச் சரிபண்ணிப் பார்த்தேன். இந்தப் பக்கம் பச்சையைக் குறைத்தால் ஜன்னல் பக்கம் ரோஸ் மில்க் மாதிரி ஆகிறது. இரண்டையும் சேர்த்துச் சரிபண்ண முடியாது. சாயங்காலம் மாமா வந்து சாவியைக் கேட்பார். வேறு விளக்கும் இல்லை. "எடு, என்னத்தையாவது எடு" என்றான் அத்வைத். எடுத்தேன். கண் முழுக்கத் தண்ணீர். கேமராவுக்குப் பின்னால் முகம் மறைந்துவிடும் என்பதுதான் அந்த வேலையில் ஒரே சௌகரியம்.

ஊருக்கு வந்து விளக்கை நடு வீட்டில் போட்டேன். அம்மா, பசையில் என்ன போட்டாய் என்று கேட்டேன்.

"என்ன போடுவாங்க? மைதா. தண்ணி. துத்தம்."

மயில்துத்தம் அக்கா. நீலமாகக் கல் கல்லாக இருக்கும். எங்கள் பக்கம் பசை காய்ச்சினால் அதைப் போடாமல் இறக்க மாட்டார்கள். போட்டால் எலியும் பூச்சியும் வாய் வைக்காது. அந்த நீலம்தான் பல்பு வெளிச்சத்தில் பச்சையாக இறங்கியிருக்கிறது. குழாய்க்குச் சரி. முகத்துக்கு?

"அதை எதுக்கும்மா போட்ட?"

"பின்னே? எலி தின்னுட்டா உன் படிப்பு என்னாகுறது?"

கேட்டீர்களா கதையை. எலிக்குப் பயந்து என் பெயரை நாறடித்துவிட்டாள். கத்தினேன். உனக்கு எலிதான் தெரியும், கேமரா தெரியுமா என்று கேட்டேன். விளக்கை எடுத்துப்போய் அவள் குழாய் சுற்றுகிற இடத்தில் ஆணியில் மாட்டிவிட்டாள். "வெளிச்சம் கண்ணுல குத்தாம இருக்கு" என்று அதன் கீழேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள். பச்சையாக உட்கார்ந்திருப்பாள். அது ஒரு கண்கொள்ளாக் காட்சி.

முறுக்கா? வேண்டாம் அக்கா, கையில் எண்ணெய் ஆகிவிடும். எண்ணெய்க் கை தாளில் பட்டால் அது வேறு ஒரு நிறம் காட்டும். நீங்கள் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு மறக்காமல் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கல்லூரி விழாவில் படத்தைப் போட்டார்கள். நான் கடைசி வரிசையில் கதவுப் பக்கமாக உட்கார்ந்திருந்தேன், சிரிப்புக் கிளம்பினால் வெளியே போய்விடலாம் என்று. லேகா ஜன்னலிலிருந்து நடந்து வந்தாள். பச்சையானாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. இருமல் சத்தம்கூட இல்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சிரிக்கக்கூட முடியாத அளவுக்கு மோசமோ என்று.

முடிந்ததும் அத்வைத் மேடை ஏறினான். யாரோ அந்த நிறத்தைப் பற்றிக் கேட்டார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்சம் விட்டு, சொன்னான்: "அந்தப் பச்சை... அது அவளோட தனிமை."

தனிமையாம்! அது துத்தம்!

அழுகிப்போய்விட்டாள் என்று கத்தினவன் இவன்தான். இதைத்தான் சொன்னேன், அவன் கோணலுக்குப் பெயர் வைப்பார்கள் என்று. அதிலும் அது அவன் கோணல்கூட இல்லை, என் கோணல். கைதட்டினார்கள். அவன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். எழுந்து உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் என்ன ஆகும்? ஒளிப்பதிவு மாரித்தாய் என்று திரையில் என் முழுப் பெயர் வந்த ஒரே படம். அதற்கு நேர் கீழே தப்பு என்று நானே எழுதின மாதிரி ஆகும். எழுந்திருக்கவில்லை.

முன் வரிசையில் தனபாலன் சார் உட்கார்ந்திருந்தார். பெரிய ஒளிப்பதிவாளர். விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர். மேடையில் அவரைப் பேசச் சொன்னார்கள். "படிங்க, நிறையப் படம் பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நமக்கென்ன என்று இருந்தேன். போன வாரம் அவரிடமிருந்து போன்.

"அந்தப் பொண்ணு ஜன்னல்கிட்டேர்ந்து விளக்குக்குக் கீழ வர்றப்ப முகம் மாறுதே, அது யாரு பண்ணினது?"

"நான்தான் சார்."

"எப்படி?"

"வீட்ல கட்டின விளக்கு சார்."

"வீட்லயா?" அப்புறம், "அந்த விளக்கை எடுத்துக்கிட்டு வாங்க. அடுத்த படத்துக்கு எனக்கு ஒரு உதவியாளர் வேணும். பாத்துட்டுப் பேசுவோம்" என்றார்.

நாளைக்குக் காலையில் அவரைப் பார்க்கிறேன். அதற்குத்தான் இந்தப் பயணம். ராத்திரி பஸ்ஸில் வந்தால் தூங்கிவிடுவேன், யாராவது இதன் மேல் சாய்ந்துவிடுவார்கள் என்று பகல் பஸ்ஸில் வருகிறேன். இது கிடைத்தால் சினிமா. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து பட்டாசுக் கம்பெனி ஆபீசில் பில் அடிக்கிற வேலை. சித்தப்பா சொல்லி வைத்திருக்கிறார். அந்த நாற்காலியைக்கூடப் பார்த்துவிட்டு வந்தேன். முதுகு சாய்கிற இடத்தில் முன்பு உட்கார்ந்தவளின் எண்ணெய்த் தலை படிந்து வட்டமாக இருக்கிறது.

பாராட்டினாரா? நீங்கள் வேறு. பெரிய ஆட்கள் "யாரு பண்ணினது" என்று கேட்டால் அது பாராட்டு இல்லை அக்கா. எங்கள் கல்லூரியில் என் வேலையைத் தூக்கிப் பிடித்து "இது யாரோடது?" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள். நான் எழுந்து நின்றால் அடுத்தது சிவப்பு மை. இந்தப் பரீட்சை எனக்குத் தெரியும். தப்பு உனக்குத் தெரிந்ததா, திருத்தத் தெரியுமா என்று பார்க்கிறார். அத்வைத்தாக இருந்தால் அதே பச்சையைத் தூக்கிக்கொண்டு போய், தனிமை சார் என்று அவரிடமும் சொல்வான். நான் அப்படிச் செய்வேனா?

அதனால் அந்தப் பழைய விளக்கை ஆணியிலிருந்து கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டேன். தண்ணீரெல்லாம் குளத்துப் பாசி மாதிரி ஆகிவிட்டது. அம்மா வந்து பார்த்தாள். "நல்லாத்தானே இருந்துச்சு. அதை எதுக்குப் பிய்க்கிற?" என்றாள். உனக்குப் புரியாது என்றேன். தாளையெல்லாம் உரித்துப்போட்டு, கம்பியைத் தேய்த்துக் கழுவி, அதே வளையத்தில் புதுத் தாளை, கடையில் வாங்கின வெள்ளைப் பசை வைத்து ஒட்டினேன். அடுப்படிப் பக்கமே அவளை விடவில்லை. இதுதான் அது. பாருங்கள், ஒரு துளி...

ஐயோ! அக்கா! முழங்கை!

கிழிந்துவிட்டதா? கிழிந்துவிட்டது. இல்லை, நீங்கள் என்ன செய்வீர்கள், அவன் பிரேக் போட்டான். இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது? விரல் போகிற அளவுக்கு ஓட்டை. இப்போது நான் எங்கே போவேன்? கடைப் பசையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனே. பார்த்துப் பார்த்துச் செய்கிற எனக்கா இது நடக்க வேண்டும்?

இருங்கள். அந்த மஞ்சள் பையை எடுங்கள். புளியோதரைக்குக் கீழே ஒரு டப்பா இருக்கும். அம்மா வைத்தது. "வழியில கிழிஞ்சா ஒட்டிக்க" என்று துண்டுத் தாளும் பசையும் கட்டிக் கொடுத்தாள். கிழியாது என்று சொல்லியும் கேட்கவில்லை. கிழிய வேண்டும் என்று நினைத்துத்தான் கட்டினாளோ என்னவோ. திறங்கள்.

பார்த்தீர்களா? நீலம். மறுபடியும் துத்தம். இவ்வளவு கத்தினேன், அழுதேன், வீடே இரண்டுபட்டது. திரும்பவும் அதையே போட்டுக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். மெட்ராஸ் பஸ்ஸில் எலி வரும் என்று நினைத்தாள் போல. இவளையெல்லாம் என்ன செய்வது?

வேறு வழியில்லை. லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. உள்ளே விரலை விட்டுத் தாங்குங்கள். அப்படித்தான். கொஞ்சமாகத் தடவுகிறேன். சின்னத் துண்டுதான். காயட்டும்.

என்ன கேட்டீர்கள்? அவர் கேட்டது அந்தப் பழைய விளக்கைத்தானே என்றா?

நீங்களும் எங்கள் அம்மா மாதிரியே பேசுகிறீர்கள். அவருக்குத் தெரியாத நிறமா? சென்னையில் அவருக்கு இல்லாத விளக்கா? ஒரு பெரிய ஒளிப்பதிவாளர், காமாலை பிடித்த மாதிரி ஒரு முகத்தைப் பார்த்து ஆசைப்படுவாரா? மைதாவில் எங்கள் அம்மா போட்ட கல்லைப் பார்க்கவா சாத்தூரிலிருந்து ஒருத்தியை வரச் சொல்வார்? சொல்லுங்கள். இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம். உங்களுக்கு இது தெரியாது, உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்குமே இந்தத் தொழிலில் எல்லாம் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தப்பைத் திருத்திக் காட்டினவளை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

எந்த ஊர் இது, செங்கல்பட்டா? இருட்டிவிட்டதே. காய்ந்திருக்கும். இருங்கள், ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவோம். கரண்ட் போனால் எரியுமே, அந்தச் சார்ஜ் பல்பு வைத்திருக்கிறேன். உள்ளே விடுகிறேன். உங்கள் முகத்தை இப்படித் திருப்புங்கள்.

ஆ. பாருங்கள், கண்ணாடி இருந்தால் காட்டுவேன். மூக்குக்குக் கீழே நிழல் இல்லை. கன்னத்தில் பச்சை இல்லை, மஞ்சள் இல்லை, ஒன்றுமே இல்லை. சுத்த வெள்ளை. டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்த மாதிரியே இருக்கிறீர்கள். கடையில் வாங்கின விளக்கு என்று சொன்னால் எல்லாரும் நம்பிவிடுவார்கள், இல்லையா? வீட்டில் கட்டினது என்று யார் சொல்வார்கள்?

அங்கே ஏன் பார்க்கிறீர்கள்? தெரியும், அந்த ஒட்டுத்தான். அது மட்டும் குளத்துத் தண்ணீர் மாதிரி தனியாக எரிகிறது. முன் சீட்டுக் குழந்தையும் அதையேதான் பார்க்கிறது. ஏய், தொடக் கூடாது கண்ணு. கையை எடு. இவ்வளவு பெரிய வெள்ளையை விட்டுவிட்டு எல்லாருக்கும் அந்த ஒரு துண்டுதான் கண்ணில் படுகிறது.

பரவாயில்லை. நாளைக்கு அவர் அறைக்குள் போனதும் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவேன். அவர் கண்ணில் படாது.